பதிவுக்கும் தாலிக்கும் நடுவே

எனக்கு விதிகள் பிடிக்கும். பூக்கன்று வைக்கப் பிடிக்கும், பாட்டுக் கேட்கப் பிடிக்கும் என்று சொல்லுகிற இடத்தில் இவளுக்கு விதி பிடிக்குமாம் என்று என் சொந்தக்காரர்களே நக்கலடிப்பார்கள். அடிக்கட்டும். நான் பதினான்கு வயதில் டென்மார்க்குக்கு வந்தவள். அந்த முதல் வருடங்களில் அப்பா ஒவ்வொரு கந்தோரிலும் கைகட்டி நின்றதைப் பார்த்திருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அன்றைக்கு மனம் நல்லா இருக்கவேண்டும் என்று கடவுளைக் கும்பிட்டுக்கொண்டுதான் உள்ளே போவார். அவர் கெஞ்சிக் கேட்டதில் பாதிக்கு மேல் சட்டப்படி அவருக்கு உரியது என்று வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கோபன்ஹேகனில், பல நாடுகள் சேர்ந்து நடத்துகிற ஒரு பொது நிறுவனத்தில் எனக்கு வேலை. அல்பர்ட்ஸ்லுண்டில் வீடு, ரயிலில் போய்வருகிறேன். பணியாளர் கொடுப்பனவுப் பிரிவில் இருக்கிறேன். சம்பளத்துக்கு மேலே, வேறு நாட்டிலிருந்து வந்தவருக்கு வெளிநாட்டுக் கொடுப்பனவு, கணவனோ மனைவியோ இருந்தால் குடும்பக் கொடுப்பனவு, பிள்ளை இருந்தால் அதற்கொன்று, அந்தப் பிள்ளை படித்தால் அதற்கும் ஒன்று. யாருக்கு எது, எந்தத் திகதியிலிருந்து, எந்தச் சான்றிதழின் பேரில் என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு.

கட்டிடம் டென்மார்க் மண்ணில்தான் நிற்கிறது. ஆனால் உள்ளே வேலை செய்கிறவர்களின் உரிமையை டெனிஷ் தொழிற்சட்டம் தீர்மானிப்பதில்லை. எல்லா நாட்டுக்காரரும் சரிசமமாக இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நாட்டின் சட்டம் மட்டும் தலைமை தாங்கக்கூடாது. அதனால் நிறுவனத்துக்கென்று தனியாக ஒரு பணியாளர் விதிக்கோவை இருக்கிறது. பிணக்கு வந்தால் முதலில் உள்ளக மீளாய்வுக் குழுவுக்குப் போகவேண்டும், அதிலும் சரிவராவிட்டால் தனி நியாயசபைக்கு. இதை என் கணவருக்கு விளங்கப்படுத்தியபோது, "அப்ப உங்கட கட்டிடத்துக்குள்ள வர விசா எடுக்கவேணுமோ?" என்று கேட்டார். அவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். அவருடைய உலகத்தில் இப்படிப்பட்ட சிக்கல்கள் குறைவு.

போன மாசி மாதம் எங்கள் நிறுவனத்தில் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பதைத் தாண்டிய வயது, நிலத்தடி நீர் பற்றிய தரவுகளைப் பார்க்கிற வேலை. அந்தக் கட்டிடத்தில் என்னைத் தவிர வேறு தமிழர் அதுவரை இருந்ததில்லை. சேர்ந்த அன்று அவருடைய படிவத்தை வாங்கிப் பதிந்தது நான்தான். திருமண நிலை என்ற இடத்தில் 'திருமணமாகாதவர்' என்று குறித்திருந்தார். படிவத்தின் அடியில் ஒரு வசனம் உண்டு: தெரிந்தே பொய்யான தகவல் தந்தால் ஒப்பந்தம் முடிக்கப்படலாம். அதன் கீழே அழகாகக் கையெழுத்து வைத்திருந்தார்.

வைகாசியில் மூன்று கிழமை லீவு எடுத்து ஊருக்குப் போனார். கலியாணம். திரும்பி வந்தவரின் முகத்தில் சிரிப்பு அடங்கவேயில்லை, கன்ரீனில் வரிசையில் நிற்கும்போதுகூடத் தனக்குள் சிரித்துக்கொண்டு நின்றார். ஒரு கிழமைக்குள் விண்ணப்பம் வந்தது. குடும்பக் கொடுப்பனவு வேண்டும், மனைவியின் பயணத்துக்கு ஏற்பாடு வேண்டும், மனைவிக்கு வதிவிட அட்டை தரும்படி நிறுவனம் டெனிஷ் வெளிநாட்டு அமைச்சைக் கேட்கவேண்டும். மனைவி அங்கே பள்ளிக்கூட ஆசிரியை. மாத முடிவோடு வேலையை விட்டுவிடுவதாகக் கடிதமும் கொடுத்தாயிற்று என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். கூடவே விவாகப் பதிவுச் சான்றிதழின் பிரதி. அதில் இருந்த திகதி முந்திய ஆண்டு நவம்பர். அவர் எங்களிடம் 'திருமணமாகாதவர்' என்று கையெழுத்து வைப்பதற்கு மூன்று மாதம் முன்னர்.

எனக்கு உடனேயே விளங்கிவிட்டது. எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் இரண்டு நாளில் நடக்கும் அலுவல். முதலில் எழுத்து. பதிவாளர் பெண் வீட்டுக்கு வருவார், இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்கும், மத்தியானச் சாப்பாடு நடக்கும், பின்னேரம் மாப்பிள்ளை தன் வீட்டுக்குப் போய்விடுவார். பெண் பெண்ணாகவே தாய் வீட்டில் இருப்பாள். வெளிநாட்டுக் கடதாசி அலுவல் இருந்தால் எழுத்தை முந்தி வைத்துக்கொள்வார்கள். பிறகு தாலிக்குப் பொன்னுருக்கி, கூறைச்சேலை எடுத்து, நாள் பார்த்து, மண்டபம் பிடித்துத் தாலி கட்டுகிற நாள்தான் கலியாணம். இவர்களுக்கு நவம்பரில் எழுத்து நடந்திருக்கும். மார்கழியில் ஒருவரும் நல்ல காரியம் வைக்கமாட்டார்கள். தையில் மண்டபம் கிடைத்திருக்காது. மாசியில் இவர் இங்கே வந்துவிட்டார். நடுவில் யாராவது 'கலியாணம் முடிஞ்சுதோ?' என்று கேட்டால், நெஞ்சில் கைவைத்து 'இல்லை' என்றுதான் சொல்லியிருப்பார். படிவத்திலும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் பிரிவுத் தலைவிக்கு நான் அனுப்பிய குறிப்பில் மூன்று வரிகள்தான் இருந்தன. நியமனப் படிவமும் சான்றிதழும் ஒன்றுக்கொன்று முரண், விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது, ஆய்வுக்கு அனுப்புகிறேன். அவ்வளவுதான். ஏன் அப்படிச் செய்தேன் என்று அழகாகக் காரணம் சொல்லப்போவதில்லை. எனக்குப் பயம். பதினொரு வருடமாக ஒரு பக்கமும் சாயாதவள் என்று பேரெடுத்து வைத்திருக்கிறேன். முதன்முதலாக ஒரு தமிழர் வந்ததும் இவள் தன் ஆளுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்தப் பேரைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டேன். மனதுக்குள் அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

பிரிவுத் தலைவி பின்லாந்துக்காரர், சட்டத்தரணி, கதை குறைவு. அவர் அந்த யாழ்ப்பாணத்துக்காரரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினார். இவர் பதறிப்போய் எழுதிய மறுமொழி நிலைமையை இன்னும் மோசமாக்கியது. 'நவம்பரில் நடந்தது வெறும் பதிவு மட்டுமே, உண்மையான திருமணம் வைகாசியில்தான் நடந்தது' என்று எழுதியிருந்தார். எங்களுக்கு இது பச்சைத் தண்ணீர் போலத் தெளிவு. ஆனால் ஒரு சட்டத்தரணியின் கண்ணுக்கு?

"வெறும் பதிவு என்றால் என்ன?" என்று தலைவி என்னைக் கேட்டார். "வதிவிட அட்டைக்காகச் செய்த போலித் திருமணம் என்று அவரே ஒப்புக்கொள்கிறாரா?"

அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். "அவரிடம்தான் கேட்கவேண்டும்" என்றேன்.

அந்த யாழ்ப்பாணத்துக்காரர் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்தார். அந்தக் காலத்தில் பொய் சொன்னார் என்று முடிவானால் வேலை போய்விடும். வேலை போனால் இவர் இங்கே இருக்கமுடியாது, மனைவி வருகிற பேச்சுக்கே இடமில்லை. விசயம் மீளாய்வுக் குழுவுக்குப் போகும் என்று கடிதம் கிடைத்த அன்று கன்ரீனில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். தட்டில் சாப்பாடு இருந்தது, தொடவில்லை.

"அக்கா, நான் பொய் சொல்லேல்லை. உங்களுக்குத் தெரியும்தானே?"

"இதைப் பற்றி நான் உங்களோட கதைக்கேலாது, தம்பி."

"அவ பள்ளிக்கூடத்தை விட்டிட்டா அக்கா. குளிர் கோட்டும் வாங்கி வச்சிருக்கிறா. கொழும்பில இருந்து எடுப்பிச்சது."

"கதைக்கேலாது எண்டு சொன்னனான்."

அவர் தலையாட்டிவிட்டுப் போய் யன்னலோர மேசையில் தனியாக இருந்தார். நான் சொன்னது விதிப்படி சரி. என் தட்டை அப்படியே கொண்டுபோய்த் திருப்பி வைத்தேன்.

வீட்டுக்குப் போனதும் கணவர் கண்டுபிடித்துவிட்டார். பேர் ஊர் சொல்லாமல் கதையை மட்டும் சொன்னேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"இஞ்சரும். எங்கட எழுத்து எப்ப நடந்தது?"

"பங்குனியில."

"தாலி?"

"ஆவணியில."

"நீர் அந்தக் கந்தோரில சேரேக்க எந்தத் திகதியை எழுதினனீர்?"

எழுந்துபோய்ப் பழைய பெட்டியிலிருந்து என் நியமனப் படிவத்தின் பிரதியைத் தேடி எடுத்தேன். திருமணத் திகதி என்ற இடத்தில் ஆவணி மாதத் திகதி, என் கையெழுத்தில். அப்படி எழுதியபோது ஒரு நொடிகூட நான் யோசித்த ஞாபகம் இல்லை.

எங்கள் பதிவு ஹோர்சன்ஸ் நகரசபையில் நடந்தது. என் கணவருக்கு அப்போது அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை, பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பதிவு செய்த பெண்மணி எங்களை வாழ்த்தி, முத்தம் கொடுக்கப்போகிறோம் என்று காத்துக்கொண்டு நின்றார். நாங்கள் இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்தோம். வெளியே வந்ததும் அம்மா, "சரி, கெதியா நட, ரயிலுக்கு நேரமாச்சு" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தா. சட்டப்படி என் கணவரானவர் ஸ்டேசனில் நின்று கைகாட்டினார். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவர் அல்பர்ட்ஸ்லுண்டுக்கு வந்தால் எங்கள் வீட்டில் தேத்தண்ணி மட்டும்தான், படுக்கை அவருடைய சித்தப்பா வீட்டில். கொம்யூன் என்கிற உள்ளூராட்சிக் கந்தோரிலிருந்து திருமணமானவள் என்று எனக்குக் கடிதம் வரும்போதெல்லாம், அப்பா அதை ஏதோ தவறான விலாசத்துக்கு வந்தது போலப் பார்ப்பார்.

எங்கள் மகள் டென்மார்க்கில் பிறந்தவள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, டெனிஷில், "அப்படியென்றால் இவ்வளவு வருடமும் பிழையான நாளிலா கேக் வெட்டினீர்கள்?" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கணவர் விடவில்லை.

"உமக்குத் தெரிஞ்சதை மறைச்சுப்போட்டு, சட்டப்படி நடந்தனான் எண்டு நிக்கிறீர். அந்தப் பொடியன்ர இடத்தில உம்மட அப்பா நிண்டிருந்தா என்ன செய்வீர்?"

அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொல்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வரும்.

அடுத்த நாள் கந்தோரில் கதவைச் சாத்திவிட்டு இரண்டாவது குறிப்பை எழுதினேன். இரண்டரைப் பக்கம். இரக்கம் காட்டுங்கள் என்று அதில் எங்கும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் நவம்பரிலிருந்து திருமணமானவர், அதில் சந்தேகம் கிடையாது, தாலி கட்டிய நாளைத் திருமண நாளாக ஏற்கச் சொல்லி நான் கேட்கவில்லை என்றுதான் தொடங்கினேன். பிறகு எழுத்து என்றால் என்ன, ஏன் முந்தி நடக்கிறது, நடுவில் அந்த இரண்டு பேரும் ஊர்க் கண்ணில் யார் என்று எழுதினேன். படிவத்தில் அவர் சொன்னது பிழை. ஆனால் விதி கேட்பது அது பிழையா என்று அல்ல, தெரிந்தே சொன்ன பொய்யா என்று. எதிராக நிரூபிக்கும்வரை பணியாளர் நல்லெண்ணத்தோடு நடந்தார் என்றுதான் நிர்வாகம் எடுத்துக்கொள்ளவேண்டும். ஒருவரைப் பாதிக்கும் முடிவெடுக்கும்போது நிறுவனத்தின் நலனோடு அவருடைய நலனையும் பார்க்கவேண்டிய கடமை அதற்கு உண்டு. அதோடு, பொய் சொல்ல நினைத்திருந்தால் அந்தச் சான்றிதழைத் தன் கையாலேயே கொண்டுவந்து தந்திருப்பாரா? மாசியிலிருந்தே கேட்டிருக்கக்கூடிய குடும்பக் கொடுப்பனவைத் தானே விட்டுக்கொடுத்திருப்பாரா?

கடைசிப் பந்தி எழுதத்தான் நேரமெடுத்தது. என் சொந்தப் படிவத்திலும் இதே பிழை இருக்கிறது, பிரதியை இணைத்திருக்கிறேன். முதல் குறிப்பை எழுதும்போதே இந்த வழக்கம் எனக்குத் தெரியும், எழுதாமல் விட்டேன்.

தலைவி எனக்கு முன்னாலேயே இருந்து வாசித்தார். கடைசிப் பக்கத்தை மட்டும் இரண்டு தரம் வாசித்தார்.

"இதை நான் குழுவுக்கு அனுப்பினால் உங்களையும் விசாரிப்பார்கள். கடைசிப் பந்தி இல்லாமலும் இந்தக் குறிப்பு நிற்கும்."

"தெரியும்" என்றேன். "அதோடேயே அனுப்புங்கள்."

குழுவில் மூன்று பேர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். நடுவில் இருந்தவர் நரைத்த தாடிக்காரர், மெதுவாகக் கதைத்தார். "அந்த ஐந்து மாதமும் நீங்கள் உங்கள் கணவருக்கு மனைவியா?"

"சட்டத்துக்கு மனைவி. அம்மாவுக்கு இல்லை. எனக்கோ, கொம்யூன் கடிதம் வருகிற நாட்களில் மட்டும்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். அதில் ஒரு பெண், தங்கள் ஊரிலும் நகரசபையில் கையெழுத்து வைத்த பெண் கோயில் கலியாணம் வரை தாய் வீட்டிலேயே இருப்பாள் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். தாடிக்காரர் சிரிக்கவில்லை.

"முதல் குறிப்பில் இதை ஏன் எழுதவில்லை?"

"என் ஆளுக்குச் சாய்ந்தேன் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன்."

"பேர் கெட்டுவிடும் என்று உங்களுக்குப் பயம். வேலை போயிருக்கக்கூடியது அவருக்கு" என்று சொல்லிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

முடிவு வரப் பல கிழமைகள் எடுத்தது. ஒவ்வொரு நாளும் அவரைக் கன்ரீனில் பார்ப்பேன், வணக்கம் சொல்லுவோம், அவ்வளவுதான். ஒரு செவ்வாய்க்கிழமை, அவருக்கொன்று எனக்கொன்று என்று இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. அவருடைய படிவம் நவம்பர்த் திகதிக்குத் திருத்தப்படும், தெரிந்தே பொய் சொன்னதற்கு ஆதாரமில்லை, வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே மனைவி குடும்ப உறுப்பினராகக் கொள்ளப்படுவார். நியமனப் படிவத்தில் சடங்கு நாளை அல்ல, பதிவு நாளையே எழுதவேண்டும் என்று இனித் தெளிவாகக் கேட்கவேண்டும் என்றும் பரிந்துரைத்திருந்தார்கள். என் கடிதம் குட்டி. திகதிப் பிழையைத் திருத்தினால் போதும். ஆனால் ஒரு பணியாளருக்குச் சாதகமான உண்மையைத் தெரிந்தும் குறிப்பில் எழுதாமல் விட்டதற்காக எழுத்து மூலமான கண்டிப்பு.

கண்டிப்புக்கு மேன்முறையீடு செய்யலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். எப்படிச் செய்வது என்று அந்தக் கட்டிடத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. செய்யவில்லை. அந்தக் கடிதத்தில் இருந்தது உண்மை, அதோடு அவருக்குக் கிடைத்த முடிவை நினைக்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. அன்று ரயிலில் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஐப்பசியில் அவருடைய மனைவி வந்து சேர்ந்தார். குடும்பப் படிவத்தில் கையெழுத்து வைக்க என் அறைக்கு வந்தபோது அந்தக் குளிர் கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது, வெளியே அவ்வளவு குளிர்கூட இல்லை. கணவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். கையில் கலியாணப் பலகாரம் ஒரு டின். பணியாளரிடம் பரிசு வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது என்றேன். "அப்ப எல்லாருக்கும் நடுவில வையுங்கோ அக்கா" என்று டின்னைத் திறந்து மேசையில் வைத்தார். பிறகு கதிரை நுனியில் இருந்துகொண்டு சொன்னார்:

"நீங்கள் எழுதின குறிப்பாலதான் நான் இஞ்ச நிக்கிறன் எண்டு இவர் சொன்னவர். உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை."

'பரவாயில்லை' என்று சொல்லியிருந்தால் எல்லாம் அழகாக முடிந்திருக்கும். அவர்களுக்கு வந்த முடிவுக் கடிதத்தில் என் இரண்டாவது குறிப்பு மட்டும்தான் சொல்லப்பட்டிருந்தது; முதல் குறிப்பை எழுதியது யார் என்று இவருக்கும் தெரியாது, இவருடைய கணவருக்கும் தெரியாது. அது தெரிந்தவர்கள் வெளியில் சொல்லப்போவதும் இல்லை.

"தங்கச்சி, நான் ரெண்டு குறிப்பு எழுதினனான். முதலாவதாலதான் உங்கட அலுவல் நிண்டது. எழுத்து எண்டா என்ன எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுதாமல் விட்டனான். என்ர பேரைப் பாத்தனான், உங்களைப் பாக்கேல்லை."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நான் அந்த நாலு மாசமும் வேலையும் இல்லாமல், இஞ்ச வரவும் ஏலாமல் இருந்தனான், அக்கா. மாப்பிள்ளை கூப்பிடமாட்டாராம் எண்டு சனம் கதைச்சது. அம்மா கோயிலுக்குப் போறதையே விட்டிட்டா."

"ஓம்."

"ஒவ்வொரு நாளும் அழுதனான்."

"ஓம்" என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அது அந்த நாலு மாதத்துக்கு முன்னால் மிகச் சின்னதாக இருந்தது. என்றாலும் கேட்டேன்.

அவர் கோட்டின் பொத்தான்களைக் கழற்றி, அதை மடித்து மடியில் வைத்தார்.

"இனி ஆரும் இப்பிடி வந்தால், எந்த நாட்டு ஆக்களா இருந்தாலும், தெரிஞ்சதை முதலே எழுதுவீங்களோ?"

"எழுதுவன்."

"அப்ப சரி" என்று படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். "எங்க கையெழுத்து வைக்கிறது?"